பிலடெல்பியாவில் பருத்திக்கொட்டை

கப்பலில் வாந்தி எடுத்த கதையை வெளிதேசம் போய் வந்த எல்லோரும் எழுதிவிட்டார்கள். நானும் எடுத்தேன்; அதைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். பிலடெல்பியாவில் இறங்கிய காலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அன்று என்னோடு வந்தவை ஒரு டிரங்குப் பெட்டி, முதலாளி சாகிப் கொடுத்த கம்பளிக் கோட்டு, என் மனைவி ரூத் போட்டுக் கொடுத்த எலுமிச்சங்காய் ஊறுகாய் ஜாடி, அப்புறம் ஒரு காளை மாட்டைப் பற்றிய கவலை.

முதலில் போன காரியம். ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் தோல் ஷாப்பில் ஆட்டுத்தோலைப் பதனிட்டு, தரம் பிரித்து, கட்டுக் கட்டி அனுப்புகிறோம். நாங்கள் முதல் தரம் என்று அனுப்பியதை அமெரிக்காக்காரன் மூன்றாம் தரம் என்றான். கடுதாசியிலேயே சண்டை போட்டு இரண்டு பக்கமும் ஓய்ந்தபின், உங்கள் ஆள் ஒருவர் வந்து எங்கள் ஆட்களோடு உட்கார்ந்து பிரிக்கட்டும் என்று எழுதினார்கள். சாகிபின் மருமகன் போவதாக இருந்தது. கிளம்பும் சமயத்தில் அவருக்கு டைபாய்டு வந்துவிட்டது. "அரே, தோலும் தெரிஞ்சு இங்கிலீஷும் தெரிஞ்சவன் உன்ன வுட்டா யாருப்பா கீறான்? நீ போய்ட்டு வா" என்றார் சாகிப். மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் என்னைப் பனியில் கொண்டுபோய் நிறுத்தியது.

பனி அழகு என்று சொல்பவர்கள் அதில் நடக்காதவர்கள். முதல் நாளே கம்பெனிக்கு எதிரில் வழுக்கி விழுந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் தூக்கவுமில்லை. எங்கள் ஊரில் விழுந்தால் முதலில் சிரிப்பார்கள், பிறகு தூக்குவார்கள், பிறகு ஒரு வாரத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள். அதுவே தேவலை என்று அன்று தோன்றியது.

எனக்காக ஏற்பாடு செய்திருந்த வீட்டில் அம்மாள் கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். அறை காலியில்லை என்றாள். ஜன்னலில் அறை காலி என்று அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. நானும் பார்த்தேன், நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்கே திரும்பினேன். கிடங்கில் கட்டுப் பிரிக்கிற வால்ட்டர் என்ற கறுப்பு மனிதர்தான், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தன் சித்தி வீட்டு மாடியில் ஓர் அறை இருப்பதாகச் சொன்னார்.

வால்ட்டருக்கு நாற்பது வயதிருக்கும். நல்ல உயரம், மெதுவான பேச்சு. அவர் பேசியதையும் மற்றவர்கள் பேசியதையும் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். இங்கிலீஷில்தான் பேசினார்கள், ஆனால் என் காதில் அது ஆம்பூராகத்தான் விழுந்தது. அதனால் ஒரு பெரிய கூத்தும் நடந்தது; அதற்குப் பிறகு வருகிறேன்.

சித்தி சமைப்பதில் மகராசி. கீரையைப் பன்றிக்கறித் துண்டு போட்டு வேகவைப்பாள், சோளமாவில் ரொட்டி சுடுவாள். காரம்தான் இல்லை. நான் மேசைக்கு ஊறுகாய் ஜாடியைக் கொண்டுபோனேன். அந்தம்மாள் ஒரு துண்டு வாயில் போட்டுக் கண்ணீர் விட்டு, "இத எதுக்குப்பா திங்கறீங்க, சாமி எதுனா தண்டனை குடுத்துச்சா?" என்று கேட்டாள். இரண்டாவது வாரத்தில் அவளே ஜாடியை எட்டி எடுக்க ஆரம்பித்தாள். ஜாடி சீக்கிரம் காலியானதில் எனக்குக் கோபம்தான், வெளியே காட்டவில்லை.

தெருவில் ஒருவன் வண்டியில் பெரிய முறுக்கு விற்றான். முறுக்கு! ஓடிப்போய் வாங்கினேன். கடித்தால் மெத்தென்று இருக்கிறது, மேலே கல்லுப்பு. அதன் பெயர் பிரெட்ஸலாம். முறுக்கைப் பிழிந்துவிட்டு எண்ணெயில் போட மறந்துபோன ஜனங்கள் என்று ரூத்துக்கு எழுதினேன்.

டிராம் வண்டியில் முதல் நாள் நின்றுகொண்டே போனேன். இருக்கைகள் காலியாகத்தான் இருந்தன. எது எனக்கானது என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன், ஒருவரும் சொல்லவில்லை. மறுநாள் தைரியமாக உட்கார்ந்து, உட்கார்ந்த சுகத்தில் தூங்கிப்போய், எங்கேயோ கடைசி நிறுத்தத்தில் கண் விழித்தேன். சுற்றிலும் வெள்ளை வெளேரென்று வயல். வண்டிக்காரர் எனக்குப் புரியாத எதையோ நீளமாகச் சொல்லிவிட்டு அதே வண்டியில் திருப்பிக் கூட்டிவந்தார். அரை நாள் வேலை போனது.

கிடங்கில் எங்கள் கட்டை அவிழ்த்த அன்று நடந்ததைச் சொல்லவேண்டும். வால்ட்டர் கயிற்றை அறுத்தார், சாக்கு விலகியது, ஆவாரம்பட்டை வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. எங்கள் தொட்டிகளின் வாசம். ஊரில் அந்த வாசத்தோடு வீட்டுக்குப் போனால், குளித்துவிட்டு உள்ளே வாங்க என்று ரூத் விரட்டுவாள். அங்கே நான் ஒரு தோலை எடுத்து முகத்தோடு வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். வால்ட்டர் முதுகைத் திருப்பிக்கொண்டு அடுத்த கட்டுக்குப் போனார். தமிழ் பேசி நாற்பது நாளுக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு தரம் பிரிக்கும்போது தோலிடம் தமிழிலேயே பேசினேன். பக்கத்து மேசைக்காரர்கள் அதை ஏதோ ஜெபம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது மாட்டுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் தை பிறந்தால் எருது விடும் விழா. ஊர்த் தெருவின் இரு பக்கமும் மூங்கில் கட்டி, காளைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து விடுவார்கள். குறைந்த நேரத்தில் தெருவைக் கடக்கிற காளைக்குப் பரிசு. மாசி, பங்குனி வரை ஊர் மாற்றி ஊர் நடக்கும். ஆனால் பேச்சு கார்த்திகை மழை விட்டதுமே தொடங்கிவிடும். எவன் மாட்டுக்குக் கால் தேறிவிட்டது, எது தின்று கொழுத்துவிட்டது, எதை யார் எந்தச் சந்தையில் விற்றார்கள் என்று, தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் முழங்கால் வரை நின்றுகொண்டே பேசுவார்கள்.

என் தம்பி சின்னப்பனிடம் செவலை என்று ஒரு காளை. கன்றிலிருந்து வளர்த்தது. பாலாற்று மணலில் ஓட்டிப் பழக்கினான். அதன் ஓட்டத்தைப் பார்த்த பிறகு வேறு மாட்டைப் பார்க்கத் தோன்றாது. கிறிஸ்தவனுக்கு மாட்டு விழா என்னத்துக்கு என்று பாதிரியார் கேட்டதற்கு, "ஏசு பொறந்ததே மாட்டுக் கொட்டாயிலதானே ஐயா" என்றான். ஆனால் எங்கள் ஊர் விழாவில் சேரி மாடு தெருவில் ஓடக்கூடாது. விழாவுக்குப் பறை அடிப்பது எங்கள் ஆட்கள்தான். எங்கள் பறை இல்லாமல் அவர்கள் மாடு கிளம்பாது. எங்கள் மாடு மட்டும் ஆகாது.

நான் கிளம்புவதற்கு முன் தம்பியும் நானும் ஊர்ப் பெரியவர் வீட்டு வாசலில் போய் நின்றோம். இந்த வருஷம் செவலையை விடவேண்டும் என்று கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. சிரித்தார். "பார்க்கலாம்" என்றார். தம்பி திரும்பி வரும் வழியெல்லாம் துள்ளிக்கொண்டு வந்தான். எங்கள் ஊர் விழா மாசிப் பௌர்ணமியில். அன்று நான் பூமிக்கு அந்தப் பக்கம் இருப்பேன் என்பதுதான் பெரிய குறையாக இருந்தது.

பிலடெல்பியாவில் தலைமுடி வளர்ந்தது. கம்பெனிக்கு எதிரில் இருந்த முடிவெட்டும் கடைக்காரர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, முடியாது என்று தலையாட்டினார். எனக்கு அது பழக்கம்தான். எங்கள் ஊர் நாவிதரும் சேரிப் பக்கம் திரும்பமாட்டார். சனிக்கிழமை மத்தியானம் வால்ட்டர் தன் தெருக் கடைக்குக் கூட்டிப்போனார். நடுவில் ஒரு கணப்பு, அதைச் சுற்றி ஏழெட்டுக் கறுப்பு மனிதர்கள். பாதிப் பேர் முடிவெட்ட வந்தவர்களாகவே தெரியவில்லை. கடைக்காரர் என் தலையில் கையை வைத்தார், பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

"போன வருஷம் நொண்டினானே, அந்தக் கால் இன்னா ஆச்சு?"

"தேறிட்டானாம். ஆனா குளிர்ல குந்திக்கினு தின்னு தின்னு ஒடம்பு ஜாஸ்தியாய்டுச்சாம்."

"தெக்க வெயிலுக்கு ஓட்டிக்கினு போறாங்க இல்ல, அங்க கரைஞ்சிடும்."

"நம்ம நெட்டைய வித்துட்டாங்களே, அதச் சொல்லு! ரெண்டு சின்னப் பசங்கள வாங்கிக்கினு அவன குடுத்துட்டாங்க."

"அவனுக்குத் தோள் போய்டுச்சுப்பா. வயசு ஆவுதில்ல."

எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. கடல் தாண்டி வந்து, கார்த்திகை மாதத்துத் தோல் ஷாப்பில் உட்கார்ந்திருந்தேன். இந்த ஊரிலும் எருது விடுகிறார்கள்! ஊருக்கு ஊர் விற்கிறார்கள், காலைப் பார்க்கிறார்கள், கொழுப்பைக் கரைக்கிறார்கள். வாரக்கணக்கில் வாயைத் திறக்காதிருந்தவன், கழுத்தைச் சுற்றித் துணியோடு, திறந்துவிட்டேன்.

"ஒடம்பு ஏறினா வெயில்ல வுட்டு ஆவாது. ஆத்து மணல்ல ஓட்டணும். கொள்ளு வெச்சுக் கரைச்சிட்டு, அப்புறம் பலத்துக்குப் பருத்திக்கொட்டை அரைச்சு வையுங்க. தோள்ல வீக்கம் இருந்தா வேப்பெண்ணெய் தடவி, ராத்திரி கட்டாந்தரையில கட்டாதீங்க" என்றேன்.

கத்திரி நின்றது. கடைக்காரர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"எங்க கட்டக்கூடாதுன்றீங்க?"

"கட்டாந்தரையில. வைக்கோல் போட்டுக் கட்டணும்."

வால்ட்டர்தான் முதலில் புரிந்துகொண்டார். கணப்புப் பக்கத்தில் இருந்த மனிதர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். ஒரு கிழவருக்குத் தொடையைத் தட்டித் தட்டி இருமலே வந்துவிட்டது. அவர்கள் பேசியது பேஸ்பால் என்ற பந்து விளையாட்டு. விற்கப்பட்டவர், நொண்டியவர், தின்று கொழுத்தவர் எல்லாரும் மனிதர்கள். வசந்தம் வருவதற்கு முன் ஆட்டக்காரர்களைத் தெற்கே வெயில் தேசத்துக்குக் கொண்டுபோய்ப் பழக்குவார்களாம். அந்த வண்டி கிளம்பும்வரை ஊர் முழுக்க இதே பேச்சுதான்.

மனிதனை எப்படி விற்பார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கடையில் அது கேட்கக்கூடிய கேள்வியில்லை என்ற புத்தி எனக்கு இருந்தது. செவலையைப் பற்றிச் சொன்னேன். மூங்கில் கட்டுவதை, கொம்புக்கு வர்ணம் பூசுவதை, பெரியவர் சொன்ன பதிலை எல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் கதவைத் திறந்ததும், "வாங்க பருத்திக்கொட்டை! நம்ம ஆளு தேறுவானா, பார்த்துச் சொல்லுங்க" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். அந்த ஊரில் எனக்காக இழுத்துப் போடப்பட்ட ஒரே நாற்காலி அது. நானும் தேறுவான் என்றே சொல்லிவந்தேன்.

அவர்கள் மிகவும் பேசியது பந்து வீசுகிற ஒருவரைப் பற்றி. வீசினால் பந்து கண்ணுக்குத் தெரியாதாம், சத்தம்தான் கேட்குமாம். மட்டை பிடித்தவன் வீட்டுக்குப் போன பிறகுதான் பந்து போனது அவனுக்குத் தெரியும் என்று கிழவர் சத்தியம் செய்தார்.

திங்கட்கிழமை கிடங்கில் தரம் பிரிக்கும் மேசையிலும் அதே பேச்சு. அங்கே எல்லோரும் வெள்ளைக்காரர்கள். மேஸ்திரி நல்ல மனிதர், என் கையை இரண்டு நாள் பார்த்துவிட்டு, எங்கள் கட்டுகளை ஏன் தாழ்த்தினோம் என்று தன் ஆட்களையே கடிந்துகொண்டவர். இந்த வருஷம் தங்கள் அணிக்குப் பந்து வீச ஆளில்லை என்று அவர் புலம்பினார். வால்ட்டர் சற்றுத் தள்ளிக் கட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு சேதி தெரிந்த பெருமையில் குறுக்கே விழுந்தேன். வால்ட்டர் தெருக்காரர்கள் சொல்கிற இன்னாரை வைத்துக்கொள்ளலாமே என்றேன்.

மேசைக்காரர்கள் கையிலிருந்த தோலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். மேஸ்திரி அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருந்தார். "நல்ல ஆட்டக்காரன்தான்" என்றார். பிறகு வால்ட்டர் பக்கம் பார்த்துச் சிரித்து, "அவங்க ஜனம் நம்ம ஆட்டத்துல வர்றது... இன்னிக்கு இல்லன்னா என்னிக்காவது. பார்க்கலாம்" என்றார்.

வால்ட்டரும் சிரித்தார். கயிற்றை அறுத்தார்.

சாயங்காலம் இரண்டு பேரும் நடந்து திரும்பினோம். டிராமில் ஏற எனக்கு மனம் வரவில்லை. மன்னிக்கச் சொன்னேன். "நீங்க இன்னா பண்ணீங்க? நான் ஆறு வயசுலேர்ந்து கேக்கறேன் இந்தப் பேச்ச" என்றார் வால்ட்டர். அவர்களுக்கென்று தனி அணிகள் உண்டாம், தனி ஆட்டம், தனி மைதானம். அவர்களும் இதே மாதத்தில் தெற்கே போவார்கள். போகிற வழியில் விடுதிக்காரர்கள் இடம் தராததால் வண்டியிலேயே தூங்குவார்களாம்.

"அவங்க கதவத் தெறக்கட்டும்னு குந்தியிருக்கலாம். கை கேக்காதே! பந்து வீசற கை பத்து வருஷம் இருக்கும். அதுக்கு மேல பார்க்கலாம்னா எதப் பார்க்கறது?" என்றார்.

பெரியவரின் சிரிப்பும் மேஸ்திரியின் சிரிப்பும் ஒன்றாகவே இருந்தன. இரண்டு பேருமே நல்ல மனிதர்கள். ஓடுகிற காளைக்குப் பத்து வருஷம் கூடக் கிடையாது, நாலைந்துதான். தம்பி அங்கே மணலில் ஓட்டிக்கொண்டிருப்பான், பருத்திக்கொட்டை அரைத்துக்கொண்டிருப்பான். அவனைக் கூப்பிட்டு, நம்பாதேடா என்று சொல்லவேண்டும்போல் இருந்தது. நடுவில் இரண்டு சமுத்திரம் இருந்தது.

மாசிப் பௌர்ணமி அன்று வேலை முடிந்து வெளியே வந்தேன். புகைபோக்கிகளுக்கு நடுவில் நிலா பெரிதாக ஏறிக்கொண்டிருந்தது. இங்கே சாயங்காலம் என்றால் ஊரில் விழா முடிந்து மறுநாள் விடியப்போகும் நேரம். செவலை ஓடியிருந்தால் ஓடி முடித்திருக்கும். ஓடவில்லையென்றாலும் எல்லாம் முடிந்திருக்கும். அங்கே இருக்கும் ஒவ்வொருவனுக்கும் தெரிந்த விஷயம் எனக்கு மட்டும் தெரியாது. போவோர் வருவோர் என்னை இடித்துக்கொண்டு போனார்கள். அந்த நிலாவை அந்தத் தெருவில் வேறு ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இவ்வளவு தனியாக என் ஜென்மத்தில் நான் இருந்ததில்லை.

தரம் பிரிக்கும் காரியம் நல்லபடி முடிந்தது. கிளம்புகிற முந்தின நாள் முடிவெட்டும் கடையில் சொல்லிக்கொள்ளப் போனேன். அவர்களுடைய ஆட்டம் தொடங்க இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. எல்லோரும் ஜெயிக்கப்போகிறார்கள் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த நேரம். கண்ணுக்குத் தெரியாத பந்தை நான் பார்க்கவேயில்லை. கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க செவலை ஓடிச்சான்னு நாங்க எப்படித் தெரிஞ்சிக்கறது?" என்று கேட்டார். எழுதுகிறேன் என்றேன்.

காட்பாடியில் ரயில் நின்றபோது, "இட்லி சூடா, இட்லி!" என்ற குரலுக்கே எனக்குக் கண் கலங்கியது. விற்றவன் என்னை விநோதமாகப் பார்த்தான். ஆம்பூரில் சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தம்பி மாட்டுவண்டியோடு வந்திருந்தான். வண்டியும் மாடுகளும் வாடகை, ஓட்ட வண்டிக்காரர் ஒருவரும் இருந்தார். அவன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

"காலையிலேயே குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடிச்சி, தெரு முனையில கொண்டுபோய் நிக்க வெச்சேன் அண்ணா. இதோ அடுத்ததுன்னாங்க, இதோ அடுத்ததுன்னாங்க. நம்மாளுங்க பறை அடிச்சிக்கினே கீறாங்க, ஒவ்வொரு மாடா போவுது. செவலை கயித்த இழுத்து இழுத்து நின்னுச்சு. பொழுது சாய்ஞ்சதும் பெரியவர் வந்தாரு. நேரமாய்டுச்சுப்பா, அடுத்த வருஷம் பார்க்கலாம்னாரு. திட்டி அடிச்சிருந்தா கூட பரவால்ல. சிரிச்சிக்கினே சொன்னாரு."

வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனபின், செவலையை விற்கப்போவதாகச் சொன்னான். கலவை ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவன் ஏர் கட்ட வாங்கிக்கொள்கிறானாம், வெள்ளிக்கிழமை வருகிறானாம். "வெச்சிக்கினு இன்னா பண்றது? பார்க்கப் பார்க்க பேஜாரா கீது."

நான் வால்ட்டரைப் பற்றிச் சொன்னேன். கணப்பைச் சுற்றி உட்கார்ந்த மனிதர்களை, தனி மைதானத்தை, வண்டியிலேயே தூங்கிக்கொண்டு வெயில் தேடிப் போகிறவர்களைச் சொன்னேன். பருத்திக்கொட்டைக் கதைக்குக் கூட அவன் சிரிக்கவில்லை.

"அப்ப அவங்க கதவு தெறக்கவே இல்லியா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு அவ்ளோ பேச்சு?"

அவர்களைப் போல நாமும் தனியாக விட்டுக்கொள்ளலாம் என்று தம்பியிடம் சொல்ல எனக்கும் கசந்தது. தெரு எங்களுக்கும் தெருதான். அதைக் கேட்பதை விடப்போவதில்லை என்றேன். ஆனால் அதுவரை மாட்டின் கால் காத்திருக்காது என்றும் சொன்னேன். வண்டி ஆற்றங்கரை ஏறியது. கீழே பாலாறு தண்ணீர் இல்லாமல், ஒருவர் வாசலும் இல்லாமல், கண்ணுக்கெட்டிய மட்டும் மணலாகக் கிடந்தது. தம்பி வண்டியை நிறுத்தச் சொன்னான். இறங்கவில்லை, பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஆலங்காயத்துல நம்மாளுங்க ஒரு மயிலைக் காளை வெச்சிருக்காங்களாம்" என்றான் கடைசியில். "காட்டுப் புல்லு தின்னு வளந்தது. ஓடினா புழுதிதான் தெரியுமாம்."

"நம்ம செவலைய வுட வேகமா?"

"அது எப்படி? மயிலைக்கு முன்னங்கால்ல ஒரு கோணல் கீதுன்றாங்க. குடியாத்தம் பக்கத்து சேரியில கூட ரெண்டு நல்ல மாடு கீது. இந்த மணலுக்குக் கூப்டா வருவாங்க." வண்டிக்காரரும் திரும்பி, தன் மச்சானுக்குத் தெரிந்த ஒரு காளையைப் பற்றி ஆரம்பித்தார். தம்பி அவரை மறித்தான். "செவலைக்கு இப்ப ஒடம்பு கொஞ்சம் எறங்கிடுச்சு அண்ணா. நாளையிலேர்ந்து பருத்திக்கொட்டை ஜாஸ்தி வைக்கணும்."

அப்போது சித்திரை பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. தைக்கு வெகுநாள் இருந்தது.